இன்சூரன்ஸ் தகராறு: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும் வருத்தமான கடிதங்கள் இரண்டு வகை. ஒன்று, "நீங்கள் கேட்டது 4,00,000 ரூபாய், நாங்கள் தருவது 2,60,000" என்று சொல்லும். இன்னொன்று, "பாலிசியின் இன்ன பிரிவின்படி உங்கள் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது" என்று சொல்லும். எதைப் படித்தாலும் வருகிற கோபம் ஒன்றுதான். "கேஸ் போட்டுவிட வேண்டியதுதான்" என்ற பேச்சும் ஒன்றுதான். ஆனால் முதல் கடிதம் வந்தவரும் இரண்டாவது கடிதம் வந்தவரும் போக வேண்டிய இடங்கள் வேறு.

முதல் கடிதத்தில் கம்பெனி தன் பொறுப்பை ஒப்புக்கொண்டுவிட்டது. சண்டை எவ்வளவு என்பதில்தான். இரண்டாவதில் தர வேண்டுமா வேண்டாமா என்பதே சண்டை. எவ்வளவு என்ற சண்டையைப் பெரும்பாலும் உட்கார்ந்து பேசி முடிக்கலாம். தர வேண்டுமா என்ற சண்டையில் பாலிசியின் ஒரு வாக்கியத்துக்கு யாராவது பொருள் சொல்லித் தீர்மானிக்க வேண்டியிருக்கும். கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் வழிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் வழிகளுக்கு மொத்தமாக மாற்றுமுறைத் தீர்வு என்று பெயர். சமரசத்தில் மூன்றாம் மனிதர் ஒருவர் இரு தரப்பையும் பேச வைப்பார். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. நடுவர் முறையில், வக்கீல்களும் கம்பெனிகளும் ஆர்பிட்ரேஷன் என்றே சொல்வது, மூன்றாம் மனிதர் கேட்டுவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிடுவார். இந்தியாவில் இன்சூரன்ஸுக்கென்று இருக்கும் வழிகளில் சில இந்த இரண்டும் கலந்தவை. சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

சிவில் நீதிமன்றங்கள் வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டப்பிரிவு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89வது பிரிவு அது. அதோடு சேர்ந்து வந்த திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சமரசத்துக்கு முறையான விதிகள் உருவாக அந்த வழக்கே காரணமாயிற்று. 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த இப்படிப்பட்ட மையம் நாட்டிலேயே அதுதான் முதல். எதிர்த்துப் போன ஊர்க்காரர்களே வழி திறந்துவிட்ட கதை என்று இதை நான் சொல்வதுண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுத்துவிடுவது நல்லது. போனில் பேசியது கணக்கில் வராது. ஒவ்வொரு கம்பெனியிலும் குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு கடிதம் போதும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் புகாரைப் பதியலாம், 155255 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் உங்கள் வழக்கை விசாரித்துத் தீர்ப்பு சொல்லாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் சொல்ல வைக்கும், அவ்வளவுதான். சில சமயம் அந்தத் தள்ளுதலே போதுமானதாக இருக்கும்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "எந்தப் பிரிவின் கீழ் மறுத்தீர்கள்?" மெடிக்கல் பாலிசியாக இருந்தால், க்ளெய்மை மறுப்பதற்குக் கம்பெனிக்குள் இருக்கும் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த நிபந்தனை என்று குறிப்பிட வேண்டும் என்பது 2024 முதல் ஆணையத்தின் விதி. இந்தப் பதில் கைக்கு வந்தால்தான் உங்களுடையது எவ்வளவு என்ற சண்டையா, தர வேண்டுமா என்ற சண்டையா என்றே தெரியும்.

ஓம்புட்ஸ்மன் என்ற கதவு

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், ஒரு சாதாரண குடும்பத்துக்கு இருக்கும் வழிகளில் மிக மலிவானது. மலிவு என்பதே தப்பு, காசே கிடையாது. வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் அலுவலகம் இருக்கிறது. நேரில் அலையாமல் ஆன்லைனில் புகார் கொடுத்து, வீடியோ வழியாகவே விசாரணையில் கலந்துகொள்ளலாம்.

தனிநபர் பாலிசி, குரூப் பாலிசி, தனி உரிமையாளர் நடத்தும் தொழில், குறுந்தொழில் ஆகியவை இங்கே வரலாம். தொகைக்கு உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். 2023 நவம்பர் வரை அது 30 லட்சமாக இருந்தது. கம்பெனி மறுத்த பிறகோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ புகார் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே இரண்டு விதமாக முடியும். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஓம்புட்ஸ்மன் சமரசம் பேசி ஒரு பரிந்துரை தருவார். அதை நீங்கள் ஏற்றால் கம்பெனி 15 நாளில் நிறைவேற்ற வேண்டும். சமரசம் வராவிட்டால், தேவையான ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தருவார். கம்பெனிக்குப் பணம் தர 30 நாள். க்ளெய்ம் எப்போது முடிந்திருக்க வேண்டுமோ அன்றிலிருந்து வட்டியும் உண்டு. அந்த 30 நாளையும் தாண்டினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் பாலிசிதாரருக்குத் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ ஆணையம் விதி வைத்திருக்கிறது.

முக்கியமான வரி இனிமேல்தான். ஓம்புட்ஸ்மன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கோ கோர்ட்டுக்கோ போகலாம். அதனால் இங்கே முதலில் வருவதில் உங்களுக்கு இழப்பில்லை. ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. இதே விஷயமாக ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ வழக்கு இருந்தால் ஓம்புட்ஸ்மன் கதவு மூடிவிடும். கோபத்தில் முதல் வாரமே வக்கீல் வீட்டுக்கு ஓடுபவர்கள் இலவசமாக இருந்த ஒரு வாய்ப்பைத் தெரியாமலே தொலைக்கிறார்கள். நல்ல வக்கீலாக இருந்தால் அவரே "முதலில் ஓம்புட்ஸ்மனிடம் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்.

குறை இல்லாமல் இல்லை. உங்கள் உண்மையான நஷ்டத்துக்கு மேல் ஓம்புட்ஸ்மன் தர மாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் பணத்துக்கு அலைந்த மன உளைச்சலுக்கு நஷ்டஈடு வேண்டும் என்றால் அது நுகர்வோர் ஆணையத்தில் கேட்க வேண்டியது.

வழக்கு போட்ட பிறகும் சமரசம் உண்டு

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு போட, பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடம் கெடு. பிரீமியமாகக் கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். க்ளெய்ம் தொகையைப் பார்ப்பதில்லை, கட்டிய பிரீமியத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் ஒரு கோடி ரூபாய் ஆயுள் காப்பீட்டுத் தகராறுகூட உங்கள் மாவட்டத்திலேயே நடக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சமரசத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள். வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபின் முதல் விசாரணையிலோ பிறகு எப்போதாவதோ, பேசினால் தீரும் என்று ஆணையத்துக்குத் தோன்றினால் இரு தரப்பையும் கேட்பார்கள். எழுத்தில் சம்மதம் சொல்ல ஐந்து நாள் தருவார்கள். சம்மதித்தால் ஆணையத்தின் பட்டியலில் உள்ள சமரசர் ஒருவரிடம் அனுப்புவார்கள். ஒப்பந்தம் ஆனால் ஏழு நாளில் அதை ஆணையம் உத்தரவாகவே பதிவு செய்யும், கட்டிய கட்டணமும் திரும்ப வரும். ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். சமரச அறையில் நீங்கள் "மூன்று லட்சம் தந்தால் போதும்" என்று சொன்னதை வைத்து நாளைக்கு ஆணையத்தில் உங்களை மடக்க முடியாது. அங்கே பேசியது அங்கேயே முடிந்தது.

சிவில் கோர்ட்டில் வழக்கு இருந்தாலும் இதே கதைதான். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்துக்கு நீதிபதி அனுப்புவார், அங்கே கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 10 லட்சத்துக்கு வழக்கு போட்டால் 30,000 ரூபாய் முன்னாலேயே கட்டியாக வேண்டும். சமரசமானால் அது திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாமல் இரு தரப்பும் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது.

எல்லா வழக்கும் சமரசத்துக்கு ஏற்றதல்ல. "போலி பில் கொடுத்தார்", "ஆள்மாறாட்டம் செய்தார்" என்று கம்பெனி திட்டவட்டமாகக் குற்றம் சாட்டியிருந்தால் நுகர்வோர் ஆணைய விதிகளே அதைச் சமரசத்துக்கு அனுப்ப விடாது. அனுப்பினாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். உங்கள் பேரில் விழுந்த கறையைப் பாதித் தொகை வாங்கிக்கொண்டு துடைக்க முடியாது.

லோக் அதாலத்தில் இரண்டு உண்டு

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள், ஏமாறுவது இங்கேதான்.

மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத் எல்லோரும் கேள்விப்பட்டது. தேசிய மக்கள் நீதிமன்றம் என்று வருடத்தில் சில சனிக்கிழமைகளில் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் கூட்டம் கூடும். நிலுவையில் உள்ள வழக்கையோ இன்னும் போடாத வழக்கையோ அங்கே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்பது பெயரில் மட்டும் இதன் தம்பி. சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் பின்னால் சேர்க்கப்பட்டது. பஸ், தபால், மின்சாரம், ஆஸ்பத்திரி போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கானது. இன்சூரன்ஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவரோ இருந்தவரோ தலைவராகவும், அந்தத் துறைகளில் அனுபவமுள்ள இருவர் உறுப்பினர்களாகவும் இருப்பார்கள். ஒரு கோடி ரூபாய் வரை எடுத்துக்கொள்ளலாம். கோர்ட்டுக்குப் போகாத தகராறாக இருக்க வேண்டும். மனு கொடுத்துவிட்டால் அதே விஷயத்துக்காக எந்தத் தரப்பும் கோர்ட்டுக்குப் போக முடியாது.

முதலில் சமரசம்தான் பேசுவார்கள். பேசிப் பார்த்து ஒத்துவரவில்லை என்றால், உங்கள் சம்மதம் இல்லாமலேயே வழக்கின் தகுதியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இந்த அதிகாரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2012இல் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும் போடலாம், அது எளிதில் ஜெயிக்கிற வழியல்ல.

இது நல்லதா கெட்டதா? கம்பெனி பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறது, உங்கள் ஆவணங்கள் பக்காவாக இருக்கின்றன, பாலிசி வாசகத்தில் சந்தேகமில்லை என்றால் இதைவிட வேகமான வழி குறைவு. கம்பெனி "முடியாது" என்று உட்கார்ந்திருந்தாலும் வழக்கு முடிந்துவிடும். ஆனால் உங்கள் வாதம் ஒரு நுணுக்கமான பிரிவின் பொருளைப் பொறுத்தது, மாவட்டத்தில் தோற்றாலும் மேலே ஜெயிக்கலாம் என்ற நிலை இருந்தால் அந்த மேலே என்பதை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். "சும்மா பேசிப் பார்க்கலாம்" என்று போகிற இடமல்ல அது. உங்கள் மாவட்டத்தில் எங்கே அமர்கிறது என்பதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மோட்டார் விபத்து வழக்கு தனி ரகம். அங்கே உங்கள் எதிரில் இருப்பது இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. நீங்கள் அதன் பாலிசிதாரர் அல்ல, அதனால் ஓம்புட்ஸ்மனிடம் போக முடியாது. வழக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும். வண்டிக்குப் பாலிசி இருந்தது, டிரைவருக்கு லைசென்ஸ் இருந்தது என்றால் மிச்சமிருப்பது காயம்பட்டவரின் வயது, வருமானம், ஊனத்தின் சதவீதம் ஆகிய கணக்குத்தான். எவ்வளவு என்ற சண்டைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. எது எதைச் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் போட்ட பட்டியலிலும் மோட்டார் விபத்து வழக்குகள் இருக்கின்றன.

லோக் அதாலத்தில் கம்பெனிகள் இறங்கி வருவதற்கு இன்னொரு காரணமும் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒரு அதிகாரி தன் மேசையில் உட்கார்ந்து கூடுதலாக ஒரு லட்சம் கொடுத்தால் நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வரும். அதையே லோக் அதாலத் ஆவணத்தின் பேரில் கொடுத்தால் அவர் பக்கம் ஒரு காகிதம் இருக்கிறது.

ஆர்பிட்ரேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டு பாலிசி, வண்டி பாலிசி வைத்திருப்பவருக்கு இன்று இது பெரிதாகத் தேவைப்படாது. 2023 அக்டோபரில் ஐஆர்டிஏஐ ஆணையம் தனிநபர் பொதுக்காப்பீட்டு பாலிசிகளிலிருந்து நடுவர் பிரிவையே நீக்கச் சொல்லிவிட்டது. மில், குடோன், பெரிய கடை வைத்திருப்பவர்களின் வணிக பாலிசியில் இரு தரப்பும் விரும்பினால் தனி ஒப்பந்தம் போட்டு நடுவரிடம் போகலாம். பழைய தீ பாலிசிகளில் இருந்த பிரிவு விசித்திரமானது: கம்பெனி பொறுப்பை ஒப்புக்கொண்டு, தொகையில் மட்டும் தகராறு இருந்தால்தான் நடுவர். முழுதாக மறுத்துவிட்டால் நடுவரிடம் போகவே முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் முதலில் சொன்ன அதே வித்தியாசம்தான். கம்பெனிகள் அதைப் பாலிசியிலேயே எழுதி வைத்திருந்தன. நடுவருக்கு ஃபீஸ் உண்டு என்பதால் தொகை பெரிதாக இருந்தால் மட்டுமே இது கட்டும்.

மேசையில் ஒரு தொகை வந்தால்

சமரசத்தில் கம்பெனி ஒரு தொகை சொல்கிறது. வாங்கலாமா, வேண்டாமா? இங்கே ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

நீங்கள் கேட்பது 4,00,000. அவர்கள் தருவதாகச் சொல்வது 3,00,000. வழக்கைத் தொடர்ந்தால் இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் 6 சதவீத வட்டியோடு 4,72,000 கிடைக்கும். ஜெயிக்கும் வாய்ப்பு பத்துக்கு ஏழு என்று உங்கள் வக்கீல் மனசாட்சியோடு சொல்கிறார் என்றால், அந்த வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் அதன் மதிப்பு சுமார் 3,30,000. வக்கீல் ஃபீஸ், போக்குவரத்து, லீவு போட்ட நாட்கள் என்று 40,000 கழித்தால் 2,90,000. அப்படியென்றால் 3,00,000 நல்ல தொகை. அவர்கள் 2,00,000 என்றால் எழுந்து வரலாம். எண்கள் உங்கள் வழக்குக்கு மாறும், கணக்கு மாறாது. வாய்ப்பைத்தான் நேர்மையாகப் போட வேண்டும். எல்லோருக்கும் தன் கேஸ் பத்துக்குப் பத்துதான்.

அந்த வாய்ப்பைக் கூட்டும் விஷயங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. ஆயுள் காப்பீட்டில் பாலிசி மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது. மெடிக்கல் பாலிசியில் தொடர்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டால், மோசடியை நிரூபித்தாலொழிய, "முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லி மறுக்க முடியாது. இந்த நிலையில் இருப்பவர் பாதித் தொகைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. அதேபோல் நஷ்டத்தைக் கணக்கிட வரும் சர்வேயர் போட்ட மதிப்பீடு கடைசி வார்த்தை அல்ல, வேறு ஆதாரம் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

பேசப் போகும் முன் இரண்டு எச்சரிக்கைகள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக வழக்கு போடும் கெடு நின்றுவிடாது. கம்பெனி "பரிசீலிக்கிறோம்" என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கும்போது உங்கள் இரண்டு வருடம் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம், எதிரில் வந்து உட்கார்ந்திருப்பவர் தொகையை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் உள்ளவர்தானா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். "ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரோடு நாள் முழுக்கப் பேரம் பேசுவது அவருக்கு உங்கள் கடைசித் தொகையைத் தெரிவிக்க மட்டுமே உதவும்.

குறைந்த தொகைக்குச் செக் தரும்போது 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று அச்சிட்ட வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து உங்கள் உரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். மீதிக்கு வழக்கு போடும் எண்ணம் இருந்தால் தொகையை ஆட்சேபத்தோடு பெறுவதாக அன்றைக்கே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

சமரச ஒப்பந்தத்தின் வாசகத்தில் தொகை, பணம் வர வேண்டிய தேதி, தாமதமானால் வட்டி, இவை இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். மெடிக்கல் பாலிசி வழக்குகளில் விட்டுப்போவது வேறொன்று. நோயை மறைத்தார் என்று சொல்லி க்ளெய்மை மறுக்கும் கம்பெனி, பல நேரம் பாலிசியையே ரத்து செய்திருக்கும். பணம் வந்த சந்தோஷத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த வருடம் வேறு கம்பெனியில் புதிதாக எடுக்கப் போனால், சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலமெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும், 60 வயதுக்காரருக்குப் பிரீமியமும் எங்கேயோ போய் நிற்கும். "பாலிசி இடைவெளியின்றித் தொடரும்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.